இன்னொருக்கா வாங்க, மாப்ள

முதல்லயே ஒண்ணு சொல்லிப்போடறேனுங்கய்யா, அப்பறமாத் தேதி எழுதிக்கலாம். நான் ஒருக்காத்தான் எடுப்பேன். தாலி கட்டறது என் கேமராவுல விழுந்தா விழுந்துச்சு, விழுகலைன்னா விட்டுருவேன். "மாப்பிள்ளை, மறுபடியும் கட்டற மாதிரி கையை வைங்க, பொண்ணு கொஞ்சம் தலையைக் குனிங்க"ன்னு கேக்கற வேலை எங்கிட்டக் கெடையாது. முன்னால கேட்டவன்தானுங்க. இந்தத் திருச்செங்கோட்டுச் சுத்துவட்டாரத்துல எத்தனை மாப்பிள்ளையை ரெண்டாந்தரம் தாலி கட்ட வெச்சிருக்கேன்னு கணக்கே இல்லை. பெரியவங்க வாயில அடிச்சுக்குவாங்க. நான் காதுல போட்டுக்க மாட்டேன். படம் நல்லா வந்தாப் போதும் எனக்கு.

இப்ப இல்லை. மூணு வருசமா இல்லை. சம்மதமுன்னா நோட்டை எடுக்கறேன்.

இன்னொண்ணும் இருக்குதுங்க. மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்கற பொம்மை யானை வெப்பீங்களா? தலையை ஆட்டி ஆட்டித் தும்பிக்கையில பீச்சுமே, அது. வெச்சுக்குங்க, நான் வேண்டாங்கல. நான் சமையக்கட்டு வழியா உள்ள வந்துக்கறேன். அதைத் தாண்டி வர என்னால ஆகாது. சிரிக்கறீங்க. எல்லாருந்தான் சிரிக்கறாங்க. மோட்டார் வெச்ச துணி யானைக்குப் பயப்படற ஆளைப் பாத்தா எனக்கே சிரிப்பு வரும்.

செத்த மெதுவாப் பேசிக்குவோம். உள்ள என் தங்கச்சி பூங்கோதை இருக்கறா. காதுல ஹெட்போன் மாட்டி எடிட்டிங் பண்ணிட்டிருக்கா, கேக்காது. இருந்தாலும் மெதுவாவே பேசுவோம். அவளுக்குத் தெரியக்கூடாத சங்கதி ஒண்ணு இருக்குது. நீங்க பரமத்திக்காரரு, எங்களுக்கு ஒறவுமில்லை, பகையுமில்லை. இன்னைக்கு ஒரு காரியம் பண்ணலாமுன்னு இருக்கேன். அதுக்கு முன்னால ஒரு மனுசன்கிட்டயாவது சொல்லிப்போடோணும்னு காலையிலருந்து நெஞ்சுக்குள்ள ஒரே இது. நீங்க வந்து சேந்தீங்க.

என் தங்கச்சி வீட்டுக்காரரு பேரு செங்கோட்டுவேலு. போர்வெல் ரிக் ஓட்டறவரு. நம்மூர் ரிக் வண்டி போகாத நாடு ஏதுங்க? அவரு போட்ஸ்வானா போனாரு. ஆப்பிரிக்காவுல கீழ்க்கோடிப் பக்கம். ஊரு ஊராப் போய்த் தண்ணிக்குக் குழி போடறது. ரெண்டு வருசத்துல மேனேஜராகி, கோதையையும் கூட்டிக்கிட்டாரு. நல்ல மனுசனுங்க. அதட்டிப் பேசித் தெரியாது. நான் ஒண்ணு கேட்டு அவரு மாட்டேன்னு சொன்னதில்லை. அவரு கல்யாணத்துல மங்கல வாழ்த்துப் பாடறப்போ மாப்பிள்ளையும் பொண்ணோட அண்ணனும் எதிரெதிரா உக்காந்து கை கோத்துக்கற சீர் இருக்குதில்லீங்களா, அதுல நான்தான் உக்காந்தேன். நான் உக்காந்துட்டதால கேமராவைப் பிடிச்ச பையன் சொதப்பிட்டான். சீரெல்லாம் முடிஞ்ச பொறகு அவரை மறுபடியும் கூப்பிட்டு உக்கார வெச்சு, ரெண்டாவதா ஒருக்கா கை கோத்து எடுத்தேன். சிரிச்சுட்டே கையை நீட்டுனாரு.

அவருதான் என்னைய அங்க வரச் சொன்னாரு. "மச்சான், கல்யாணத்தையே எத்தனை நாளைக்கு எடுப்பீங்க, இங்க வாங்க, நாங்க தண்ணி எடுக்கற எடத்துல யானை வந்து நிக்குது"ன்னு போன்ல சொல்லிட்டே இருப்பாரு. எனக்கும் ஆசைதான். கல்யாணம் எடுத்து எடுத்து அலுத்துப்போச்சுங்க. எல்லா மாப்பிள்ளையும் ஒரே மொகந்தான். காட்டு மிருகத்தைப் படம் பிடிச்சு, யூடியூப்ல போட்டு, இந்தச் சிகாமணியும் ஒரு ஆளுதான்னு காட்டோணும்னு ஒரு வெறி இருந்துச்சு. பெரிய லென்ஸ் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன்.

அங்க என்னன்னா, பூங்காவுக்குள்ள நம்ம வண்டியை நாமளே ஓட்டிட்டுப் போலாம். கைடு கெடையாது, டிரைவர் கெடையாது, வேலி கெடையாது. கேட்டுல ஒரு தாள் குடுப்பாங்க. வண்டியை விட்டு எறங்காதே, மிருகத்துக்கு வழி விடு, மறிக்காதே, பொழுது சாயறதுக்குள்ள வெளிய வந்துரு. அவ்வளவுதான். ரோடு நம்மூரு மாதிரியேதான், வலது பக்கம் ஸ்டீரிங். உள்ள போனா எல்லாம் மணல். டயர்ல காத்தைக் கொறைச்சுட்டுத்தான் ஓட்டோணும். மாப்ள ஓட்டறாரு, நான் பக்கத்துல கேமராவோட, கோதை பின்னால புளிசாதத் தூக்கை மடியில வெச்சுட்டு. மூணு பேருதான்.

காலையில இருந்து பாத்தோம். மானு, ஒட்டகச்சிவிங்கி, ஒரு மரத்தடியில சிங்கம் தூங்கறது. நான் எல்லாத்தையும் எடுத்தேன். எடுத்துட்டு, "மாப்ள, கொஞ்சம் பின்னால போயி மறுபடியும் வாங்க, ஒட்டகச்சிவிங்கி தலையைத் தூக்கறப்போ நம்ம வண்டி வரோணும்"னு சொல்லுவேன். அவரும் போய்ட்டு வருவாரு. கோதை, "அண்ணா, அது என்ன மணமேடையா"ன்னு கேட்டுச் சிரிச்சா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்தது அன்னைக்குத்தான் கடைசி.

நாலு மணி இருக்கும். ஆத்துக்குப் போற பாதையில ஒரு திருப்பம். திரும்புனா நடு ரோட்டுல யானை. நம்ம கோயில் யானை இருக்குதே, அதைப்போல ஒண்ணரை மடங்கு. காது ஒவ்வொண்ணும் இந்தக் கதவளவு. தந்தத்தைப் பாத்து ஆண் யானைன்னு நெனச்சேன். மாப்ளதான் சொன்னாரு, அங்க பொட்டைக்கும் தந்தம் இருக்குமாம், இது கூட்டத்துக்குப் பெரியம்மான்னு. சொல்லிட்டு இன்ஜினை நிறுத்துனாரு. ரெண்டு கையையும் மடியில வெச்சுக்கிட்டாரு. நீங்களும் அசையாதீங்கன்னு கண்ணுல காட்டுனாரு.

அது வந்துச்சுங்க. மெதுவா, சத்தமே இல்லாம. அவ்வளவு பெரிய ஒடம்பு நடந்து வர்றப்போ ஒரு சத்தம் வேண்டாமா? மணல்ல பஞ்சு மாதிரி காலை வெக்குது. வந்து பானெட்டுமேல தும்பிக்கையை வெச்சு மோந்து பாத்துச்சு. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதோட கண்ணு. இமை மயிரெல்லாம் சேறு காஞ்சு ஒட்டியிருக்குது. என்னையத்தான் பாத்துச்சு. அப்பறம் ஒரு பெருமூச்சு விட்டுட்டு, ஒதுங்கி, புதருக்குள்ள போயிருச்சு. நாங்க மூணு பேரும் அப்பத்தான் மூச்சு விட்டோம். மாப்ள வண்டியைக் கெளப்பிக் கொஞ்ச தூரம் தாண்டி வந்து, "பெரியம்மா விட்டுருச்சு மச்சான்"னு சொல்லிச் சிரிச்சாரு.

நான் கேமராவைப் பாக்கறேன். பதிவாகலை.

எங்க தொழில்ல இதைவிடக் கேவலம் இல்லீங்க. அதுக்கு முன்னால ஒரு பறவையை எடுத்தேன், நிறுத்த மறந்துட்டேன். யானை வந்தப்போ பட்டனை அமுக்குனேன், ஓடிட்டிருந்தது நின்னுபோச்சு. யானை மோந்து பாத்த அத்தனை நேரமும் நான் வெறும் கண்ணாடியைப் பாத்துட்டு உக்காந்திருக்கேன். சின்னப் பசங்க பண்ற தப்பு. இருபத்திரெண்டு வருச அனுபவம் எனக்கு.

அப்பறம் மாப்ள வண்டியைத் திருப்புனாரு. அவராத்தான் திருப்புனாரு.

இல்லீங்க. நான் ஒரு வார்த்தை சொன்னேன். உங்ககிட்ட மறைச்சு என்னாகப் போகுது? "இன்னொருக்கா வாங்க மாப்ள, அது அங்கயேதான் நிக்கும், திருப்பத்துலருந்து மெதுவா வருவோம்"னு சொன்னேன். அவரு வேண்டாம்னாரு. "ஒருக்காப் போனவன் மறுபடியும் வந்தா, இவன் எதுக்கு வந்தான்னு யோசிக்கும் மச்சான்"னாரு. அவருக்குத் தெரியுமுங்க, தண்ணி வாசத்துக்கு வர்ற யானைகளை வருசக்கணக்காப் பாத்தவரு. நேரமாச்சு, கேட்டு மூடிருவாங்கன்னும் சொன்னாரு. நான் என்ன பண்ணினேன்? அடம் பிடிக்கலீங்க. கேட்டேன், அவ்வளவுதான். மச்சான் மாப்பிள்ளைகிட்டக் கேக்கறது ஊர் ஒலகத்துல இல்லாததா?

இந்தத் தடவை ஏமாறக் கூடாதுன்னு, அவருகிட்டக் கேக்கறதுக்கு முன்னாலயே பட்டனை அமுக்கி, செவப்பு லைட்டு எரியுதான்னு ரெண்டு தரம் பாத்துக்கிட்டேன். அதனாலதான் எல்லாம் பதிவாயிருக்குது. நாலு நிமிசம் பதினோரு செகண்டு.

திரும்பிப் போனா, அது அங்கயேதான் நின்னுச்சு. நான் சொன்னது சரியாத்தான் இருந்துச்சு. ஆனா அது பின்னால இப்ப கூட்டம் ரோட்டைத் தாண்டிட்டிருக்குது. குட்டிக. என் இடுப்பு ஒயரத்துக்கு ஒரு குட்டி, தாய் காலுக்கு நடுவுல. பெரியம்மா எங்களைப் பாத்துத் திரும்புச்சு. காதை விரிச்சுச்சு. மாப்ள ரிவர்ஸ் போட்டாரு. சக்கரம் மணல்ல சுத்துது, வண்டி நகரலை. இன்ஜின் அலறுது. அந்த அலறல்தான் அதுக்குப் பிடிக்கலையோ என்னமோ.

மாப்ள பக்கத்துக் கதவுல வந்து முட்டுச்சு. தந்தம் கதவைப் பொத்துக்கிட்டு உள்ள வந்துச்சு. அப்படியே நெம்பி வண்டியை எம்பக்கமாச் சாச்சுப்போட்டுச்சு. நான் அடியில. மாப்ள எனக்கு மேல, பெல்ட்டுல தொங்கறாரு. பின்னால கோதை மண்டை ஒடைஞ்சு கெடக்கறா. யானை ஒரு நிமிசம் நின்னு பாத்துட்டுப் போயிருச்சு. குட்டிகளைக் கூட்டிட்டு ஆத்துக்குத் தண்ணி குடிக்கப் போயிருச்சு.

எனக்கு ஒரு கீறல் இல்லைங்கய்யா. கேமராவுக்கும் ஒண்ணுமாகலை. படத்தைப் பாத்தீங்கன்னா ஆச்சரியப்படுவீங்க. வண்டி சாயுது, எல்லாம் சாயுது, என் கை ஆடலை. கோணம் மாறுது, ஆனா படம் தெளிவா இருக்குது. தொழில் ஒடம்புல ஊறிப்போச்சுன்னா அப்படித்தான்.

அதுல ஒரு எடம். மேலருந்து மாப்ள கை எறங்கி வருது. எம்பக்கமா. வெரலெல்லாம் விரிஞ்சு இருக்குது. கை கோக்கற சீர்ல நீட்டுவாங்களே, அந்த மாதிரி. பிடிச்சுக்கன்னு நீட்டுனாரா, தூக்கி விடுன்னு நீட்டுனாரா, எனக்குத் தெரியலை. என் ரெண்டு கையிலயும் கேமரா இருந்துச்சு. அந்தக் கை ஃபிரேமுக்குள்ள வந்து நிக்குது. ஃபோகஸ் அதுமேல போய்ச் சரியா உக்காருது. பதினாறு செகண்டு. அப்பறம் வெரலு மடங்குது.

அரை மணி கழிச்சு ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வண்டியில வந்துச்சு. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு.

ஊருக்கு வந்து என்ன சொன்னேன்னா, யானை தானா வந்து முட்டுச்சுன்னு சொன்னேன். ரோட்டுல போயிட்டிருந்தோம், திடீர்னு வந்துச்சுன்னேன். கம்பெனிக்காரங்ககிட்டயும் அதேதான், மாப்ளயோட அப்பா அம்மாகிட்டயும் அதேதான். பொய்யுன்னு சொல்ல முடியாதுங்க. அது தானாத்தானே வந்துச்சு? நான் கூப்பிட்டேனா?

படம் கேட்டாங்க, சொந்தக்காரங்க எல்லாம். முட்டறதுக்கு முன்னால நிறுத்தி, சத்தத்தை எடுத்துட்டு, வீணை வாசிக்கறதைச் சேத்துக் குடுத்தேன். மைக்கு வேலை செய்யலைன்னு சொல்லிட்டேன். ஏன்னா அதுல என் குரலு இருக்குது. ஒரு நாள் தனியா உக்காந்து போட்டுப் பாத்தேன். எனக்கு ஒருக்காக் கேட்டதுதான் ஞாபகம். அதுல மூணு தடவை கேட்டிருக்கேன். மூணாவது தடவை, "என் தங்கச்சியைக் குடுத்திருக்கேன், இதுகூட எனக்குச் செய்ய மாட்டீங்களா"ன்னு கேட்டிருக்கேன். விளையாட்டாத்தான் கேட்டிருப்பேன். குரலைக் கேட்டா விளையாட்டு மாதிரி தெரியலை. அதுக்கப்பறந்தான் மாப்ள, "சரிங்க மச்சான்"கறாரு. பின்னால திரும்பி, "கோதை, கண்ணாடியை ஏத்திக்கோ கண்ணு"ன்னு சொல்றாரு. அவ்வளவுதான் அவரு பேசுனது. அதுக்கப்பறம் அவரு குரலு இல்லை.

அன்னையிலருந்து அந்தப் படத்தைச் சத்தத்தோட நான் போட்டதில்லை. ஆனா போடாமலே கேக்குதுங்க. இந்த ஊர்ல ரிக் லாரிக்குப் பஞ்சமா? ஒவ்வொண்ணும் ரிவர்ஸ் எடுக்கறப்ப எனக்கு அந்த இன்ஜின் அலறல்தான் கேக்குது. முகூர்த்தத்துல கெட்டிமேளம் அடிக்கறப்போ பக்கத்துல ஒரு கதவு நசுங்கற மாதிரி இருக்குது. கேமராவை மட்டும் விடமாட்டேன். கை ஆடாது.

கோதைக்கு ஞாபகமில்லீங்க. ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கெடந்தா. தலையில அடிபட்டவங்களுக்கு அன்னைக்கு நடந்தது மறந்துபோலாம், தோண்டித் தோண்டிக் கேக்காதீங்கன்னு டாக்டர் சொன்னாரு. நானும் கேக்கலை. அவளும் சொல்லலை. மூணு வருசமா என் வீட்லதான் இருக்கறா. எனக்கும் அவளை விட்டா யாருமில்லை. எடிட்டிங் கத்துக்கிட்டா, என்னையவிட நல்லாப் பண்றா. தெரிஞ்சிருந்தா இப்படி எங்கூட இருப்பாளா? நீங்களே சொல்லுங்க. என் கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிப்பாளா?

ஒரே ஒரு பழக்கம் வந்துபோச்சு. எந்த வண்டியில ஏறுனாலும் மொத வேலையாக் கண்ணாடியை ஏத்தி விட்டுருவா. சித்திரை வெயில்ல, பஸ்ல வேர்த்து ஊத்துனாலும் ஏத்தித்தான் இருக்கோணும். தூசி ஒத்துக்கலைன்னு நெனைக்கறேன். அப்பறம் வருசா வருசம் மாப்ள எறந்த நாளன்னைக்குச் சாமி கும்பிட்டுட்டு ஒண்ணு கேப்பா. "அண்ணா, அந்தப் படத்தைச் சத்தத்தோட எனக்குக் குடுங்க"ன்னு. மைக்கு வேலை செய்யலையேம்மான்னு நானும் வருசா வருசம் சொல்லுவேன். சரிங்கண்ணான்னு போயிருவா.

இந்த ஒருக்காத்தான் எடுப்பேங்கற சட்டங்கூட அவளால வந்ததுதான். திரும்பி வந்து எடுத்த மொதக் கல்யாணம், ராசிபுரத்துல. லைட்டுப் பிடிக்க ஆளு வரலைன்னு கோதை வந்தா. தாலி கட்டறப்போ எவனோ குறுக்க வந்துட்டான். நான் பழக்க தோசத்துல, "மாப்பிள்ளை, இன்னொருக்கா"ன்னு வாயைத் தொறந்தேன். பின்னாலருந்து அவ, மெதுவாத்தான், "போதுமுங்கண்ணா. நீங்க கேட்டது போதும்"னா. முகூர்த்தம் முடியற நேரமாச்சு, அதனால சொன்னா. நானும் யோசிச்சேன், அதுவும் சரிதானேன்னு. அன்னையோட விட்டுட்டேன்.

இப்ப நான் பண்ணப் போற காரியம் என்னன்னா, அந்தச் சத்தத்தோட இருக்கற படத்தை அழிக்கப் போறேன். டிஸ்க்கு நெறைஞ்சுபோச்சுன்னு காலையில கோதைகிட்டச் சொல்லி வெச்சிருக்கேன். பழைய கல்யாணம் ஒண்ணு ரெண்டை அழிக்கோணும்னு. அதோட அதும் போயிரும். யாரும் தேடக் கூடாதுன்னு அதுக்கு வேற பேரு வெச்சிருக்கேன். "சென்னிமலைக் கல்யாணம்"னு. நல்லா யோசிச்சுத்தான் வெச்சேன், ஏன்னா சென்னிமலையில நாங்க கல்யாணமே எடுத்ததில்லை. அது இருக்கற வரைக்கும் எனக்குத் தூக்கமில்லீங்கய்யா. என்னைக்காவது அவ கண்ணுல பட்டுருச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? அவ எந்திரிச்சுப் போயிருவா. அந்த ஒண்ணுதான் எனக்குப் பயம். அழிச்சுட்டா அவளுக்கு என்னைக்குமே தெரியாது. மாப்ள குரலும் போயிரும், வாஸ்தவந்தான். அவளுக்கு அந்த ஒரு வரி, "கண்ணாடியை ஏத்திக்கோ கண்ணு"ங்கறது, அது மட்டுமாவது தனியா வெட்டிக் குடுத்தரலாமான்னும் நெனச்சேன். மைக்கு வேலை செய்யலைன்னு சொல்லிட்டு எப்படிக் குடுக்கறது?

இருங்க, வர்றா.

வாம்மா. இவரு பரமத்தியிலருந்து வந்திருக்காரு, பொண்ணுக்குக் கல்யாணம். ஆவணி பதினெட்டு. நோட்டை எடுத்துட்டு வா. என்னம்மா? ம். சரி. சரிம்மா. நீ போ, வர்றேன்.

கேட்டீங்களாய்யா? உங்களுக்குக் கேட்டுச்சா, அவ சொன்னது? "டிஸ்க்கு நெறைஞ்சுதுன்னா வேற எதையாச்சும் அழிச்சுக்குங்கண்ணா, அந்தச் சென்னிமலைக் கல்யாணத்தைத் தொட்டுப்போடாதீங்க, மத்தியானத்துல நான் அதைத்தான் கேக்கறேன்"னா. எப்பவும் பேசற மாதிரியேதான் சொல்றா. கோவமில்லை, ஒண்ணுமில்லை.

ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருப்பாளுங்க, தினமும் பன்னெண்டு மணிக்கு. நான் ஏதோ பாட்டுக் கேக்கறான்னு நெனச்சேன். அவரு குரலைக் கேக்கோணும்னா முன்னால என் குரலைக் கேட்டுத்தானே ஆகோணும்? மூணு தடவையும். அதைக் கேட்டு முடிச்சுட்டு, எந்திரிச்சு வந்து, எனக்கு எலை போட்டு, சோத்தைப் போட்டு, எதுத்தாப்புல உக்காந்து, "சாப்பிடுங்கண்ணா"ன்னு சொல்லுவா. இன்னைக்கும் அதுக்குத்தானுங்க கூப்பிட்டுட்டுப் போறா.